என்ன பேர் வெட்டணும்?

குற்றாலத்துக்கு நீங்கள் எதற்குப் போவீர்கள்? இதென்ன கேள்வி, குளிக்கத்தான். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று ஒரு ரவுண்டு. எண்ணெய் தேய்த்து ஒரு குளியல். பிரானூர் பார்டரில் பரோட்டா, சிக்கன். திரும்பும்போது ஒரு பை நிறைய ரம்புட்டான், மங்குஸ்தான். இரண்டு நாள், அப்புறம் டாட்டா.

ஆனால், சாரல் ஆரம்பிக்கிற அதே ஜூன், ஜூலையில் இன்னொரு கூட்டமும் அங்கே வந்து இறங்குகிறது. இவர்கள் தோளில் துண்டு இருக்காது. கையில் வாளி இருக்கும். வாளிக்குள் தட்டு, டம்ளர், ஊறுகாய் பாட்டில். பின்னாலேயே தலையணையைச் சுமந்தபடி ஓர் அப்பா வருவார். கல்லூரியில் சேர வந்த பெண்கள்! குற்றாலத்தில் 1964-லிருந்து ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. சீசன்காரர்கள் இரண்டு நாளில் கிளம்பிவிடுவார்கள். இவர்கள் மூன்று வருடம் இருக்க வந்தவர்கள்.

இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் வருவதுதான் சிக்கல். சீசனில் நாள் வாடகைக்கு ஆள் கிடைக்கும்போது, மாத வாடகைக்கு வீடு விட யாருக்கு மனசு வரும்?

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அக்கா மகள் அங்கே படிக்கப் போனபோது, “தம்பி, நீ பி.காம். படிச்சவன்லா, கணக்குப் பாத்து எல்லாம் வாங்கிக் குடு” என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பி.காம். படித்தால் குக்கர் வாங்கத் தெரியும் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. இருந்தாலும் தாய்மாமன். தட்ட முடியுமா?

நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷன். ஒரு ஹால், ஒரு சின்ன சமையலறை. வீட்டுக்கார ஆச்சி கறாராகச் சொல்லிவிட்டார். “பொம்பளப் பிள்ளைய சமைச்சிச் சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனா கரண்டு தனி மீட்டரு. யூனிட்டுக்குப் பத்து ரூவா.” தமிழ்நாட்டில் 2016-லிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த இலவசம் வாடகைக்கு இருப்பவர் வரை வந்து சேராத வீடுகள் நிறைய. பேசிப் பார்க்கலாம். சீசன் நேரத்தில் ரொம்பப் பேச முடியாது.

அக்கா தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். நாற்பத்து மூன்று அயிட்டம். இண்டக்ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர், டோஸ்டர், சாண்ட்விச் மேக்கர், கெட்டில், மிக்ஸி... கல்யாணச் சீரே தோற்றது போங்கள்!

“கடைக்குப் போகலாமா?” என்றாள்.

“முதலில் சுவரைப் பார்க்கலாம்” என்றேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். அந்தச் சமையலறையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதுவும் சின்னது, 6 ஆம்பியர். நம்ம ஊர் கரண்டு 230 வோல்ட். ஆறை 230-ஆல் பெருக்குங்கள், 1,380 வாட்ஸ். அந்த ஓட்டை தாங்குவது அவ்வளவுதான். கடையில் பளபளவென்று நிற்கிற இண்டக்ஷன் அடுப்பில் பல 1,800, 2,000 வாட்ஸ். அதற்குப் பெரிய 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். இல்லாத வீட்டில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, அதில் அடுப்பு, மிக்ஸி, மூன்று செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் சொருகுவார்கள். ஒயர் சூடாகி, பிளாஸ்டிக் உருகி... மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம்.

அதனால் இண்டக்ஷன் முதலில் அடிபட்டது. உங்கள் பிள்ளை தங்கும் அறையில் 16 ஆம்பியர் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். முழு வேகத்தில் 2,000 வாட்ஸ் அடுப்பு அரை மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். கூடவே ஒரு காந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போங்கள். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் அது இண்டக்ஷனில் சூடாகும். வீட்டில் இருக்கிற அலுமினியச் சட்டி, பக்கத்தில் தேன்பொத்தையில் செய்கிற மண்சட்டி எதுவும் அதன்மேல் வேலைக்கு ஆகாது. அடுப்பு வாங்கின கையோடு பாத்திரமும் புதிதாக வாங்க வேண்டும். இந்தச் செலவை விலைச்சீட்டில் யாரும் எழுதி வைப்பதில்லை.

கெட்டிலுக்கு ஓகே சொன்னேன். அதிலும் 1,500 வாட்ஸ் வேண்டாம், அந்தச் சின்ன ஓட்டைக்கு அதுவே கொஞ்சம் அதிகம். ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருப்பது போதும். இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கொதிக்கும், குடியா மூழ்கிவிடும்? ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய பத்தில் ஒரு யூனிட். ஆச்சி கணக்கில் ஒரு ரூபாய்.

ஹாஸ்டலில் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறைய விடுதிகளில் கெட்டில்கூடக் கூடாது என்று விதி இருக்கிறது. வாங்கிவிட்டு வார்டனிடம் கெஞ்சாதீர்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது, ஊர். சுவரைப் போலவே ஊரும் பட்டியலைத் திருத்தும்.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் நின்று பாருங்கள். சொர்க்கம்! அங்கேயே சமையல் செய்து பாருங்கள். உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக் கிடக்கும். தீக்குச்சி உரசினால் தலை மட்டும் கழன்று விழும். மிளகாய்த்தூள் கட்டி தட்டும். பெரிய பாக்கெட்டாக வாங்கினால் விலை குறைவு என்கிற நம்ம மளிகைக் கணக்கு அங்கே செல்லாது. மசாலாவைச் சின்னப் பாக்கெட்டாக வாங்கு, அரிசியைப் பத்து நாளுக்கு மட்டும் வாங்கு, தீப்பெட்டிக்குப் பதில் லைட்டர் வாங்கு என்று அக்கா மகளிடம் சொன்னேன்.

“மாமா, குரங்கை விட்டுட்டீங்களே” என்றாள்.

வாஸ்தவம். குற்றாலத்துக் குரங்குக்குப் பிளாஸ்டிக் டப்பா மூடி ஒரு விஷயமே இல்லை. இறுக்கமாக மூடுகிற எவர்சில்வர் சம்படமும், ஜன்னலுக்குக் கம்பி வலையும் அங்கே அத்தியாவசியப் பட்டியலில் முதல் பக்கத்தில் வரும். சாண்ட்விச் மேக்கர் கடைசிப் பக்கத்துக்குப் போய், அப்படியே கீழே விழுந்துவிட்டது.

காற்றும் மழையுமான நாளில் மரக்கிளை ஒயரில் விழுந்தால் கரண்டு போகும். அப்போது எலெக்ட்ரிக் சாமான் அத்தனையும் அலங்காரப் பொருள்தான். ஆகவே, அடுப்புக்கு காஸ்தான் என்று முடிவானது. மாணவர்களுக்கு ஏது வீட்டு கனெக்ஷன் என்று கேட்பீர்கள். 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. இந்தியன் ஆயிலில் ‘சோட்டு’ என்று பெயர். முகவரிச் சான்று கேட்பதில்லை, அடையாள அட்டை போதும். கிலோ கணக்குப் பார்த்தால் வீட்டில் வாங்குகிற 14.2 கிலோ சிலிண்டரைவிட விலை அதிகம்தான். ஆனால் முறையான சிலிண்டர், முறையான ரெகுலேட்டர். தலையிலேயே பர்னர் வைத்த குட்டி சிலிண்டரைக் கடையில் திருட்டுத்தனமாக நிரப்பித் தருகிறார்களே, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம், ஆபத்து.

குக்கர் விஷயத்துக்கு வருவோம். பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்கவிட்ட ஆன்லைன் நிறுவனங்கள் மீது 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே நடவடிக்கை எடுத்தது. எனவே, “பாதி விலை, இன்று மட்டும்” என்று கண்ணைச் சிமிட்டுகிற குக்கரைப் பார்த்தால் ஒதுங்கிப் போங்கள். நான்கு பேருக்கு 5 லிட்டர். உள்ளே அடுக்குப் பாத்திரம் இருக்கட்டும். கீழே சாதம், மேலே பருப்பு, ஒரே தீயில் இரண்டு வேலை. முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதுவும் அதிகம். மூன்றில் இரண்டு பாகம்தான் எல்லை, பருப்பு மட்டும் என்றால் பாதி.

தென்காசிக் கடையில் அண்ணாச்சி ஆறு கம்பெனி குக்கரை வரிசையாக எடுத்து வைத்தார். நான் ஒரே கேள்விதான் கேட்டேன். “இதில் எதுக்கு கேஸ்கெட்டும் வெயிட்டும் உங்க கடையிலேயே கிடைக்கும்?”

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே நான்கை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

வாங்கியாயிற்று. எவர்சில்வர் பாத்திரங்களை எடை போட்டார்கள். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. நம்ம ஊர்ப் பாத்திரக்கடையில் மட்டும் கேட்கிற கேள்வி.

“என்ன பேர் வெட்டணும்?”

“எல்லாத்துலயும் எம் பொண்ணு பேரை வெட்டிருங்க” என்றாள் அக்கா, ஒரு செகண்ட்கூட யோசிக்காமல்.

அக்கா கெட்டவள் இல்லை. மற்ற மூன்று பேர் வீட்டில் எவ்வளவு முடியுமோ என்று நினைத்து, எல்லாவற்றையும் தானே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்ற நல்ல எண்ணம். ஆனால் அக்கா மகள், “வேண்டாம்மா” என்றாள். “எல்லாத்துலயும் என் பேர் இருந்தா, அவங்க மூணு பேரும் மூணு வருஷம் என் வீட்டுக்கு விருந்தாளியா வந்த மாதிரி இருக்கும்.”

பதினெட்டு வயசுப் பெண் சொன்னது. எனக்குப் பேச்சே எழவில்லை. பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் என்று ஒரு பாடத்தை மாங்கு மாங்கென்று படித்திருக்கிறேன். யார் எவ்வளவு முதல் போட்டார், லாபத்தில் யாருக்கு எவ்வளவு என்றெல்லாம் வரும். முதல் போடாதவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் தொண்டையில் என்ன இறங்கும் என்பது அதில் வராது.

நான்கு பெண்களும் போனில் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கூட்டாகக் காசு போட்டு எதையும் வாங்குவதில்லை. ஆளுக்கு ஒரு பெரிய சாமான். அவரவர் பெயர். மூன்று வருடம் எல்லோரும் புழங்குவது, போகும்போது அவரவர் சாமானை அவரவர் எடுத்துக்கொள்வது. குக்கர் அக்கா மகளுடையது. சிலிண்டரும் அடுப்பும் சங்கரன்கோவில் பெண். செலவு கூடுதல் என்பதால் அவள் வேறெதுவும் வாங்க வேண்டாம். கெட்டிலும் சம்படங்களும் ராஜபாளையத்துப் பெண்.

நான்காவது பெண்ணுக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். அம்மா பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. அந்தப் பெண்ணிடம் எதையும் கேட்க வேண்டாம் என்று மற்றவர்கள் பேசி வைத்திருந்தார்கள்.

வீட்டுக்குக் குடிவந்த அன்று அந்த அம்மா பஸ்ஸிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். மேலே முன்னாள் முதல்வர் ஜெயலலிதா படம். 2011 செப்டம்பரில் தொடங்கியதே, விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம்? அந்த மிக்ஸி. அம்மியிலேயே அரைத்துக்கொண்டு, மிக்ஸியைச் சேலைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்திருக்கிறார்.

“இது ஓடும்லா அண்ணாச்சி? எம் மவளுக்கும் ஒரு பங்கு இருக்கணும்லா” என்றார் என்னிடம்.

பெட்டியைப் பிரித்தோம். ஓடியது. ஆனால் ஒரு கடகடச் சத்தம். வருடக்கணக்கில் சும்மா இருந்ததில் ரப்பர் எல்லாம் இறுகிப்போயிருந்தது. தென்காசியில் ஒரு ரிப்பேர் கடையில் கப்ளரையும் மூடி வாஷரையும் மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் காசையும் அந்த அம்மாவே கொடுத்தார். நான் பர்ஸை எடுத்தபோது பார்த்த பார்வையில், பேசாமல் உள்ளே வைத்துவிட்டேன்.

வாங்கும்போது விலை பூஜ்யம், பத்து வருடத்துக்கு மேல் தேய்மானம். நான் படித்த கணக்கில் அந்த மிக்ஸியின் புத்தக மதிப்பு ஒன்றுமே இல்லை. ஆனால் குக்கர் இல்லாமல் சாதம் வடிக்கலாம், கெட்டில் இல்லாமல் வெந்நீர் போடலாம். மிக்ஸி இல்லாமல் அந்த வீட்டில் தேங்காய்ச் சட்னி கிடையாது, ஏழரை மணிக்கு நான்கு தட்டில் இட்லி கிடையாது. நால்வரில் யாரும் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போவதில்லை என்றால், அதில் அந்த மிக்ஸிக்குப் பெரும் பங்கு.

அக்காவின் நாற்பத்து மூன்றில் கடைசியில் நின்றது பதினாறு. விலை குறைந்த சாமான் வாங்கினால் சிக்கனம் என்று நினைக்கிறோம். பாதி விலைக்கு வாங்கி ஒரு மாதத்தில் மூலையில் போட்டுவிட்டு, மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிட்டால் அது எந்த ஊர் சிக்கனம்? தினமும் அடுப்பேறுகிற சாமான்தான் மலிவான சாமான். அது அறையின் பிளக் பாயின்டுக்கு ஒத்துவர வேண்டும், ஊரின் ஈரத்துக்கு ஒத்துவர வேண்டும், கூட இருக்கும் பிள்ளையின் மானத்துக்கும் ஒத்துவர வேண்டும்.

இத்தனையும் பெண்பிள்ளை கதையாகவே சொல்லிவிட்டேன். படிக்கப் போகிறது உங்கள் மகன் என்றால், பட்டியலில் எதையும் குறைக்காதீர்கள். ஒன்றே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்னால் பத்து நாள் உங்கள் வீட்டுக் குக்கரில் அவனே அரிசி களைந்து வைக்கட்டும். குழைந்தாலும் பரவாயில்லை, வீட்டில் எல்லோரும் அதையே சாப்பிடுங்கள்.