கடைசி வட்டம்

கேம் டிசைன் டாக்குமெண்ட் என்றதும் பலருக்கும் நூறு, இருநூறு பக்க வேர்டு ஃபைல்தான் ஞாபகம் வரும். எழுதியவரைத் தவிர யாரும் முழுசாகப் படிக்காத ஃபைல். 2010 ஜிடிசி மாநாட்டில் ஸ்டோன் லிப்ராண்ட், மொத்த டிசைனையும் ஒரே பக்கத்தில் வரைந்து சுவரில் ஒட்டும் வழியைச் சொன்னார். யோரிஸ் டோர்மன்ஸ் உருவாக்கிய மெஷினேஷன்ஸ் இன்னொரு படி மேலே போனது. அதில் வரைந்த படமே ஓடும். மேல்நோக்கிய முக்கோணம் ஊற்று, வட்டம் தேக்கம், சாய்சதுரம் மதகு, கீழ்நோக்கிய முக்கோணம் வடிகால். அம்புகள் வழியே வளம் நகரும்.

நாகப்பட்டினத்துக்காரனுக்கு இந்தப் படம் பழசு. மேட்டூர் ஊற்று. கல்லணை மதகு. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அப்புறம் கிளையாறுகள், வாய்க்கால்கள். கடைசி வட்டம் நாங்கள், கடைமடை. எங்களுக்கு அப்பால் வடிகாலும் கடலும்தான்.

நானும் நண்பன் ஒருவனும் வாரக்கடைசிகளில் இதை விளையாட்டாகச் செய்துகொண்டிருக்கிறோம். ஆடுபவர் கடைமடை விவசாயி. குறுவை போடுவதா, சம்பாவுக்குக் காத்திருப்பதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அதனால் அந்த மதகில் பகடை வைத்தோம்.

ஓடவிட்டால் கடைசி வட்டம் அடிக்கடி காய்ந்தது. நண்பன் சொன்னான்: "பேலன்ஸே இல்லடா. பத்து நிமிஷத்துல மூடிட்டுப் போயிடுவாங்க. கடைசி வட்டத்துக்குக் குறைஞ்சபட்சம் இவ்வளவுன்னு வச்சிடு."

தொழில்முறையில் அவன் சொல்வது சரி. ஒரு அம்பில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆனால் அந்த எண்ணைக் கேட்டுத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை இலவசமாகக் கொடுத்துவிட்டால் விளையாட்டு ஜாலியாக இருக்கும், ஊர் பொய்யாகிவிடும்.

மெஷினேஷன்ஸில் புள்ளிக்கோட்டு அம்பு ஒன்றும் உண்டு. வளத்தைக் கொண்டுபோகாது, ஓரிடத்து நிலவரத்தை இன்னோரிடத்துக்குச் சொல்லும். எண்ணைத் தொடாமல் அதைச் சேர்த்தேன். இப்போது மேல்மடையிலிருந்து மாமா ஃபோன் பண்ணுவார்: "தண்ணி நீடாமங்கலம் தாண்டிருச்சுப்பா." நாற்று விடலாமா என்பதை அதை வைத்து ஆடுபவரே கணக்குப் போடணும். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவருக்கு யோசிக்க ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

நண்பன் மூன்றாவது சாகுபடியில் தோற்றான். மறுபடி ஆரம்பித்தான். ஆனாலும் எண்ணை மாற்றச் சொன்ன அவனுடைய கமெண்ட் டாக்குமெண்டில் அப்படியே இருக்கிறது. நான் அதை மூடவில்லை. கடைமடைக்கு இவ்வளவு என்று ஒரு எண் வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அதை எழுதவேண்டிய ஃபைல் எங்களுடையது இல்லை, அவ்வளவுதான்.