ஒரே நோய், வேறுவேறு மூச்சு

மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொன்னால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்து, ஊதியவருக்கு எவ்வளவு மூச்சிரைக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பாசிர் கூடாங் என்ற தொழில் நகரில் ஆஸ்துமா நோயாளிகளைப் பார்க்கும் தாதி நான். இதை உறுதியாகவே சொல்வேன்.

கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் கொண்ட்ரெக்ட் தொழிலாளி ஒருவர் 250 ஊதுவார். அவர் உயரத்துக்கும் வயதுக்கும் அது மிகக் குறைவு. “ஒன்னும் இல்ல மிஸ்ஸி, நல்லாத்தான் இருக்கேன்” என்பார். சொல்லும்போதே மூச்சு இடையில் அறும். அவர் பொய் சொல்லவில்லை. மூச்சுக்குழாய் பல வருஷம் சுருங்கியே இருந்தால் சிலருக்கு அந்த இறுக்கம் தெரியாமலே போய்விடும். அதோடு, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. மருத்துவ விடுப்புக்கான எம்.சி. கொடுத்தாலும் வாங்கமாட்டார். நோயை உணர்வதற்கே அவரிடம் நேரமில்லை.

பாசிர் பூத்தே பக்கத்து அம்மா ஒருவருக்கு நேர்மாறு. நன்றாக ஊதுவார்; ஆனால் காற்றில் ஏதாவது வாடை வந்தால் நெஞ்சு அடைக்கிறது என்று ஓடிவருவார். 2019 மார்ச் 7 அன்று எங்கள் பக்கத்துக் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் வாந்தியும் மூச்சுத் திணறலுமாக விழுந்தார்கள். ஒரு வாரத்துக்குள் 111 பள்ளிகளை மூடினார்கள். ஜூனில் மறுபடியும் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியது. அதைக் கண்ணால் பார்த்த தாய்க்கு வாடை என்பது வெறும் வாடை அல்ல. பயத்தில் மூச்சு வேகமாகும். ஆஸ்துமா உள்ளவருக்கு அதுவே குழாயை உண்மையாகச் சுருக்கவும் செய்யும். இவரைப் போன்றவர்களை “எல்லாம் மனசுதான்” என்று அனுப்பிவிடுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்படி வேலையும் வாழ்க்கையும் மூச்சை மாற்றுவதால், மருந்துப் பம்ப்பைப் பற்றிக் கேட்கும் முன் ஷிப்டைப் பற்றிக் கேட்கிறேன். ஆஸ்துமா பொதுவாகப் பின்னிரவில் கூடும். அந்த நேரத்தில் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் “ராத்திரி இருமி எழுந்திருக்கிறீங்களா?” என்று கேட்டு என்ன பயன்? தடுப்பு மருந்தைக் காலையும் இரவும் எடுக்கச் சொல்வது வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவருக்குப் பொருந்தாது. பல் துலக்கும் முன் எடுங்கள் என்பேன்; மருந்துக்குப் பிறகு வாயும் கொப்பளித்தாகிவிடும். மூச்சு முட்டும்போது எடுக்கும் நீலப் பம்ப் உடனே கேட்கும், தடுப்பு மருந்து மெதுவாகத்தான் கேட்கும். உடனே வேலைக்குத் திரும்ப வேண்டியவர் எதை எடுப்பார் என்பது தெரிந்ததே. நீலத்தை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்று ஜீனா எனும் உலக ஆஸ்துமா அமைப்பு அறிவித்ததும் அதே 2019இல்தான்.

பெயிண்ட் புகையிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றும்படி டாக்டர் கடிதம் எழுதலாம். நிரந்தர ஊழியருக்கு அது உதவும். கொண்ட்ரெக்டில் இருப்பவருக்கு வேலையே போகக்கூடும். ஆகவே அவர் டாக்டரிடம் போகும் முன், “கடிதம் வேணுமாண்ணே? வீட்டில் கேட்டுட்டுச் சொல்லுங்க” என்கிறேன். பலர் அடுத்த முறை வந்து வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு முகமூடியை எப்படி இறுக்கிக் கட்டுவது என்று காட்டி, அடுத்த தேதியை அவர்களுடைய ஓய்வு நாளில் போடுகிறேன்.