முன்வாசல் ஓகே, பின்வாசல் குற்றம்!

ஆம்ஸ்டர்டாமில் 'காபி ஷாப்' போர்டைப் பார்த்ததும் டிகாஷன் ஞாபகத்தில் நுழைந்துவிடாதீர்கள், ஸார். உள்ளே கஞ்சா! 18 வயசானவருக்கு நாளுக்கு 5 கிராம் வரை விற்றால் போலீஸ் கண்டுகொள்ளாது. 1976 சட்டத் திருத்தத்தில் தொடங்கிய தாராளம்.

சரி, சரக்கு எங்கிருந்து வருகிறது? அதைத்தான் கேட்கக்கூடாது. வளர்த்து சப்ளை பண்ணுவது குற்றம். பி.காம். படித்தவனுக்குத் தலை சுற்றுகிறது. விற்பனைக் கணக்கு உண்டு, கொள்முதல் கணக்கு கிடையாது!

அதனால் தோட்டம் மாடி அறைக்குள் ஒளிந்துகொண்டது. மண் இல்லை, உரம் கலந்த தண்ணீரில் வேர். அதுதான் ஹைட்ரோபோனிக்ஸ். வெயிலுக்குப் பதில் விளக்கு. சாதாரணச் செடி பூக்க நீண்ட இரவு வேண்டும். 'ஆட்டோஃப்ளவர்' ரகமோ வயசு வந்தால் தானே பூக்கும். வீட்டில் 5 செடி என்றால் பொதுவாக வழக்கில்லை. விளக்கும் இருந்தால் 'இது தொழில்' என்பார்கள். மேயர் வீட்டையே பூட்டிவிடலாம்!

ஒளித்தாலும் பனி விடுமா? 2015-இல் பக்கத்து ஊரான ஹார்லெமில் தெருவெல்லாம் வெள்ளைக் கூரை; ஒரு வீட்டில் மட்டும் பனி நிற்கவில்லை. உள்ளே விளக்குச் சூடு. போலீஸுக்கு வேறென்ன துப்பு வேண்டும்?

2023 டிசம்பரில்தான் ப்ரேடா, டில்பர்க் நகரங்களில் லைசென்ஸ் தோட்டத்துச் சரக்கு, சோதனை முறையில் கடைக்கு வந்தது. கொள்முதல் பேரேட்டைத் திறக்க 47 வருஷம்! ஆம்ஸ்டர்டாம் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே பின்வாசலில் இன்னும் இருட்டுதான்.