“புகை கண்ணுக்குத் தெரியலைன்னா, புகையே இல்லைன்னு அர்த்தமா?” - லண்டன் குளிரில் ஓர் அடுப்புத் தேடல்!

ஜனவரி மாதம் மாலை நாலரை மணிக்கே லண்டன் இருட்டிவிடுகிறது. டூட்டிங் பிராட்வே ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் தோசை வாசம்தான் வரவேற்கும் என்று சொல்லியிருந்தார்கள். வரவேற்றது. மளிகைக்கடை வாசலில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இருந்தன. ஆனால், பெரியப்பா வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் இன்னொரு வாசம் மூக்கில் ஏறியது. விறகுப் புகை!

ஒரு நொடி, திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படியில் நிற்பதுபோல இருந்தது. “யாரோ வெந்நீர் போடுறாங்க போல” என்றேன். பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்த பெரியப்பா சிரித்துவிட்டார்.

“வெந்நீர் இல்லம்மா, குளிர் காயுறாங்க. ஆனா, இந்த ஊர்ல புகைபோக்கியில புகை தெரிஞ்சா ஃபைன் போடுவாங்க, தெரியுமா?”

பத்து நாள் விடுப்பில் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவள் நான். பிக் பென், லண்டன் பாலம் எல்லாம் பார்த்தேன். ஆனால், அந்தப் பத்து நாளும் வீட்டில் ஓடிய பேச்சு ஒன்றே ஒன்றுதான். பெரியப்பாவுக்கு ஒரு விறகடுப்பு வாங்க வேண்டும். பெரியம்மாவுக்கு அது கூடவே கூடாது.

பழைய வீடு, பழைய அடுப்பு

பெரியப்பாவின் வீடு நூறு வருடம் தாண்டிய வரிசை வீடுகளில் ஒன்று. எல்லா வீட்டுக் கூரையிலும் செங்கல் புகைபோக்கி, அதன்மேல் மண்குழாய்கள். கூடத்தில் பழைய கணப்பு. அதற்குள் கறுப்பாக ஓர் இரும்பு அடுப்பு. வீட்டை விற்றவர் விட்டுப்போனது. பல வருடங்களாக அதன்மேல் சாமி படமும் பேத்தியின் புகைப்படமும்தான் இருந்தன.

2022-க்குப் பிறகு கேஸ் பில் எகிறியபோதுதான் பெரியப்பாவுக்கு அந்த அடுப்பின் ஞாபகம் வந்திருக்கிறது. எங்கிருந்தோ பழைய மரப்பலகைகளைக் கொண்டுவந்து நாலைந்து நாள் எரித்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, “உங்கள் அடுப்பு அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா?” என்று தன்மையாகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். தேடிப் பார்த்தால், இல்லை.

“அதான் புதுசா, புகை வராத அடுப்பா ஒண்ணு வாங்கிடலாம்னு பாக்கேன்” என்றார் பெரியப்பா.

“எங்கம்மா அடுப்பு ஊதி ஊதியே நெஞ்சைக் கெடுத்துக்கிட்டா. பீடி, சுருட்டுன்னு எதையும் தொட்டவ இல்ல. கடைசி அஞ்சு வருஷமும் இழுப்பு. லண்டனுக்கு வந்தும் நான் விறகு முகத்துலதான் முழிக்கணுமா?” என்றார் பெரியம்மா, அடுப்படியில் இருந்தபடியே.

இதில் மூன்றாவதாக ஒரு ஆளும் உண்டு. அண்ணனின் ஆறு வயது மகள். சனி, ஞாயிறு தாத்தா வீட்டில்தான் இருப்பாள். அவளுடைய பையில் பென்சில் டப்பாவோடு ஒரு நீல நிற இன்ஹேலரும் இருக்கும்.

புகைபோக்கிகளின் ஊர்

மறுநாள் பெரியப்பா என்னை பேட்டர்ஸீக்கு அழைத்துப்போனார். தேம்ஸ் நதிக்கரையில் நான்கு வெள்ளைப் புகைபோக்கிகளோடு நிற்கும் பழைய அனல்மின் நிலையம் அது. 1983-ல் மின் உற்பத்தி நின்றுபோய், 2022 அக்டோபரில் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்திருக்கிறார்கள். ஒரு புகைபோக்கிக்குள் கண்ணாடி லிஃப்ட் வைத்து, 109 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் ஊரைக் காட்டுகிறார்கள். ஒரு காலத்தில் நிலக்கரிப் புகை போன வழியில் இன்று செல்ஃபி எடுக்கும் கூட்டம் போகிறது!

இந்த ஊர் புகையைப் பார்த்துப் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. 1952 டிசம்பர் 5. கடுங்குளிர். காற்று அசையவில்லை. வீடுகளிலும் ஆலைகளிலும் எரிந்த நிலக்கரிப் புகை மேலே போக வழியில்லாமல் மூடுபனியோடு கலந்து தெருவிலேயே தங்கிவிட்டது. ஐந்து நாள் அப்படியே இருந்தது. பஸ்கள் நின்றன. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள்ளேயே புகை நுழைந்து, இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அப்போது கணக்கிட்ட சாவு சுமார் 4,000. பிற்கால ஆய்வுகள் 12,000 வரை இருக்கலாம் என்கின்றன.

அதன் விளைவுதான் 1956-ல் வந்த தூய காற்றுச் சட்டம். ‘புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி’ என்று ஊர்களைக் குறித்து, அங்கே வீட்டுப் புகைக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். இன்று லண்டனின் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

இங்கிலாந்தில் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு எரிக்கவே கூடாது என்று இல்லை. ஆனால், திறந்த கணப்பில் விறகு எரிக்க முடியாது. அங்கே புகையில்லா எரிபொருள் மட்டும்தான். விறகு எரிக்க வேண்டுமானால், அரசு சோதித்து விலக்கு அளித்த அடுப்பாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

புகைபோக்கியிலிருந்து புகை தெரிந்தால், உள்ளாட்சி 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். விலக்கு இல்லாத அடுப்புக்காக அனுமதியில்லாத எரிபொருளை வாங்கினால் 1,000 பவுண்டு வரை போகும்.

எரிப்பதற்கு மட்டுமல்ல, விற்பதற்கும் விதி உண்டு. 2022 ஜனவரி 1 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் அடுப்புகள் ‘எக்கோடிசைன்’ என்ற தரத்தை எட்ட வேண்டும். மூடிய கதவுள்ள விறகடுப்பு என்றால், வெளியேறும் ஒரு கன மீட்டர் வாயுவில் துகள் 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இரண்டும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். எக்கோடிசைன் என்று எழுதியிருப்பதாலேயே புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் எரிக்கலாம் என்று ஆகிவிடாது. விலக்குப் பட்டியலிலும் அந்த மாடலின் பெயர் இருக்க வேண்டும்.

கடையில் கற்ற பாடம்

சனிக்கிழமை அடுப்புக் கடைக்குப் போனோம். உள்ளே பத்துப் பதினைந்து அடுப்புகள். ஒன்றில் மட்டும் தீ எரிந்துகொண்டிருந்தது. வெளியே மூன்று டிகிரி குளிர். கைகளை நீட்டியதும் மனசு இளகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் நான் பெரியப்பா கட்சி!

பெரியப்பா 8 கிலோவாட் அடுப்பைக் காட்டினார். “பெருசா இருந்தா வீடு பூரா சூடாகும்ல?” கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு, கூடத்தின் அளவைக் கேட்டார். நீளம் 5 மீட்டர், அகலம் 4, உயரம் 2.5. பெருக்கினால் 50 கன மீட்டர். அதை 14-ஆல் வகுத்தார். மூன்றரை கிலோவாட் சொச்சம் வந்தது. சுமாரான கணக்குதான், வீட்டுச் சுவரையும் ஜன்னலையும் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.

“தேவைக்கு மேல் பெரிய அடுப்பு வாங்கினால், அறை கொதித்துவிடும். நீங்கள் காற்றுத் திறப்பை மூடித் தீயை அடக்குவீர்கள். காற்றில்லாத தீதான் அதிகம் புகைக்கும்” என்றார். விலக்கு பெற்ற சில அடுப்புகளில் காற்றுத் திறப்பை முழுசாக மூட முடியாதபடி ஒரு தடுப்பு வைத்திருப்பதையும் காட்டினார்.

அடுப்புக்குள் என்ன நடக்கிறது என்பதும் அங்கேதான் புரிந்தது. விறகு சூடாகும்போது முதலில் வாயுக்கள் கிளம்புகின்றன. அவை எரியாமல் தப்பித்தால், அதுதான் புகை. புது அடுப்புகளில் கீழே ஒரு காற்று வழி, கண்ணாடியை ஒட்டி மேலிருந்து ஒரு வழி, பின்சுவரில் சின்னத் துளைகள் வழியாக இன்னொன்று என்று சூடான காற்றை உள்ளே விட்டு, தப்பிக்கிற வாயுவையும் எரித்துவிடுகிறார்கள். சுற்றிலும் உள்ள வெப்பம் தாங்கும் பலகைகள் சூட்டை உள்ளேயே நிறுத்துகின்றன.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்ப, நான் குறித்துக்கொண்டவை இவை:

விறகுதான் முதல். ஈர விறகைப் போட்டால் எந்த அடுப்பும் புகைக்கும். ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் சிறிய மூட்டைகளில் விற்கும் விறகுக்கு இது சட்டம். மூட்டையில் ‘ரெடி டு பர்ன்’ முத்திரை இருக்கும். ஈரப்பதம் பார்க்கும் மீட்டரும் கிடைக்கிறது. கட்டையைப் பிளந்து, உள்பக்கத்தில் குத்திப் பார்க்க வேண்டும்.

பெயின்ட் அடித்த பலகை, ரசாயனம் ஏற்றிய மரம், குப்பை கூடவே கூடாது. பெரியப்பா எரித்த பழைய பலகைகள் இந்த ரகம்தான்!

மேலிருந்து பற்றவைக்கலாம். பெரிய கட்டை அடியில், சுள்ளி மேலே. தீ மெல்ல இறங்கும்போது கிளம்பும் வாயு மேலே உள்ள தீயிலேயே எரிந்துவிடும். நம் ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர்.

பொருத்துவது நம் வேலை இல்லை. ஹெட்டாஸ் போன்ற அமைப்பில் பதிவுபெற்ற ஆளை வைத்துப் பொருத்தி, சான்றிதழ் வாங்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். வருடத்துக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும்.

450 என்ற எண்

கடையிலிருந்து திரும்பியபோது பெரியப்பாவின் கையில் சின்ன அடுப்பு ஒன்றின் விலைப்பட்டியல். விலக்குப் பட்டியலில் இருக்கிற மாடல். “புகையே தெரியாதாம்” என்று நீட்டினார்.

பெரியம்மா அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “புகை கண்ணுக்குத் தெரியலைன்னா, புகையே இல்லைன்னு அர்த்தமா?” என்று மட்டும் கேட்டார்.

செய்தியாளர் வேலை பார்ப்பவளாயிற்றே, அன்றிரவு தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2022 டிசம்பரில் காற்று மாசு பற்றி வெளியிட்ட ஆண்டறிக்கையில் ஓர் ஒப்பீடு இருக்கிறது. எக்கோடிசைன் தரமுள்ள புது அடுப்பில் காய்ந்த விறகை எரித்தாலும், கேஸ் ஹீட்டரைவிட சுமார் 450 மடங்கு நுண்துகள் வெளியேறுகிறது. பழைய அடுப்போடு ஒப்பிட்டால் புது அடுப்பு எவ்வளவோ மேல். ஆனால், பெரியப்பா வீட்டில் ஏற்கெனவே இருப்பது கேஸ் ஹீட்டர்தான்!

இன்னொன்றும் கிடைத்தது. ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஊர் வீடுகளில் விலக்கு பெற்ற அடுப்புகளை வைத்துச் செய்த ஆய்வு, 2020-ல் வெளிவந்தது. விறகு போடக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அறைக்குள் நுண்துகள் எகிறுகிறது என்று அதில் தெரிந்தது. அந்தத் துகளின் குறுக்களவு 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் கீழ். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். நுரையீரலின் ஆழம் வரை போகும். கண்ணில் படாது.

காலையில் காபி குடிக்கும்போது இதைச் சொன்னேன். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. சோபாவில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க இருமியிருக்கிறாள். அந்த அடுப்புக்கும் அவள் படுத்திருந்த இடத்துக்கும் நாலடி தூரம்கூட இல்லை.

“கேஸ் லைனே போகாத கிராமத்துல இருக்கான்பாரு, அவனுக்கு வேணும்” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. அதுவும் உண்மைதான். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது, வட இங்கிலாந்தில் பல வீடுகளுக்கு நாள் கணக்கில் கரன்ட் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நல்ல அடுப்பும் காய்ந்த விறகும் ஆடம்பரம் இல்லை, பாதுகாப்பு.

“நமக்கு ஆசைதான். தேவை இல்ல” என்றார். விலைப்பட்டியலை மடித்து அலமாரியில் வைத்தார். கிழித்துப் போடவில்லை என்பதை பெரியம்மா கவனித்துவிட்டார்!

அந்த வாரமே வேறு வேலைகள் நடந்தன. ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை, வாசல் கதவின் அடியில் பிரஷ், பரணில் வெப்பம் தாங்கும் பஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு ஆள். பழைய அடுப்பை எடுக்கவும் ஆளுக்குச் சொல்லியாயிற்று. புகைபோக்கி வழியாகவே அறையின் சூடு எவ்வளவு வெளியேபோகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் கிளம்பிய மாலை, தெருவில் மறுபடியும் அதே விறகு வாசம். இந்த முறையும் ஆச்சிதான் ஞாபகத்துக்கு வந்தார். ஆனால், அடுப்படியில் சிரித்தபடி தோசை வார்த்த ஆச்சி இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கிய ஆச்சி.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் குளிர் நாட்டில் வீடு வாங்கி, விறகடுப்பு பற்றிப் பேசினால், மாடல் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: “அந்தக் கூடத்துல யார் தூங்குவாங்க?”