படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?

கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்கப் படம் போட்டு வைக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? உண்டென்றால் நாலு வார்த்தை உங்களோடு பேச வேண்டும்.

நான் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன். பால்வெட்டு முடிந்து காண்டாக் கம்போடு பள்ளிக்கே வந்துவிட்டார் ஒரு தாய். "சார், இவன் கையை எப்படியாவது கட்டிப் போடுங்க. எந்நேரமும் மரம், மலை, ஆறுன்னு வரைஞ்சுக்கிட்டே இருக்கான். இதெல்லாம் நாளைக்குச் சோறு போடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து ஓடுகிறவர் கேட்கும்போது அதைச் சிரித்துத் தள்ள முடியாது.

அந்தக் கேள்விக்கு வாழ்ந்து காட்டியே பதில் சொன்ன ஒருவரைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். சென்னை ஓவிய ஆசிரியர் கே.சி.எஸ். பணிக்கர்தான் அவர்.

1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். மலையாளக் குடும்பம். பன்னிரண்டு வயதிலேயே தென்னந்தோப்பையும் தண்ணீரையும் வரையத் தொடங்கிவிட்டார். பதினேழு வயதில் அவர் படங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன. ஆனால் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமே! படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தது 1936-இல். அப்போது வயது இருபத்தைந்து. அங்கே தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்தார். 1941-இல் அதே பள்ளியில் ஆசிரியரானார் பணிக்கர். 1957-இல் முதல்வரே ஆனார்.

அவருடைய ஆரம்ப காலப் படங்கள் நீர்வண்ண இயற்கைக் காட்சிகள். நீர்வண்ணம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். எண்ணெய் வண்ணத்தில் தப்பு நேர்ந்தால் மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறைக்கலாம். நீர்வண்ணத்தில் அது நடக்காது. அடியில் இருப்பது மேலே தெரியும். வெள்ளை வேண்டுமானால் தாளின் வெள்ளையையே விட்டுவைக்க வேண்டும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. முதல் பூச்சுக் காய்வதற்குள் அவசரப்பட்டால் வண்ணம் எல்லை மீறி ஓடிவிடும்.

இதை உங்களுக்கு நான் விளக்கவா வேண்டும்? மழையில் நனைந்த பட்டையில் வெட்டினால் பால் கோட்டை விட்டு மரமெல்லாம் வழிந்து, மங்குக்கு வராமல் போவதை நாம் பார்க்காததா? கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்தக் காயம் பல வருஷம் நின்று பேசும். பால்வெட்டுக்காரரின் கைப்பக்குவமும் நீர்வண்ணக்காரரின் கைப்பக்குவமும் ஒரே குடும்பம் என்பேன் நான். நம் ஜொகூரில் காற்றே ஈரம்; தாள் சீக்கிரம் காயாது. இங்கே வரைகிறவனுக்குப் பொறுமை இரட்டிப்பாக வேண்டும்.

பணிக்கர் நீர்வண்ணத்தோடு நின்றுவிடவில்லை. 1954-இல் இலண்டனில் கண்காட்சி வைத்தார். ஆனால் மேல்நாட்டார் பாணியிலேயே எத்தனை நாள் வரைவது? சொந்த வழி தேடினார். 1963 முதல் எழுத்துகளையும் ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்களையும் குறிகளையும் கொண்டு புதுவிதப் படங்கள் வரைந்தார்.

அவரை ஆசிரியர் என்று நான் மதிப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. ராமானுஜம் என்று ஒரு மாணவர். பேச்சு சரியாக வராது, மனநோயும் உண்டு. இவனால் என்ன ஆகும் என்று ஊரார் நினைத்த அந்தப் பிள்ளையின் விரலில் இருந்ததைப் பணிக்கர் கண்டுகொண்டார், அரவணைத்தார். ராமானுஜம் 1973-இல் இளவயதிலேயே காலமானார். அவர் வரைந்த கனவு மாளிகைகளை இன்றும் போற்றுகிறார்கள்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். பள்ளியை விட்டு வெளியே வரும் மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே போட்டுவிடுகிறார்களே என்று பணிக்கர் கவலைப்பட்டார். வழி ஒன்று செய்தார். ஓவியர்கள் கூடிப் பாத்தேக் துணி முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். ஆம், நம் கிளந்தான், திரெங்கானுக்காரர்கள் மெழுகு வைத்துச் செய்யும் அதே பாத்தேக்தான். அந்த வருமானத்தைச் சேர்த்துச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டது. ஓவியம் மனத்தைப் பார்த்துக்கொண்டது. பணிக்கர் 1977-இல் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது. நானும் போய்ப் பார்த்து வந்தேன்.

நம் நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். பினாங்கில் ஓவிய ஆசிரியராக இருந்த அப்துல்லா அரிஃப் (1904–1962) நீர்வண்ணத்தில் பேர் பெற்றவர். ஈயச் சுரங்கத்தைக்கூட அவர் வரைந்திருக்கிறார். பாடுபடும் மண்ணும் படத்துக்குரிய அழகுதான் என்று அவர் கண்டார்.

அதனால்தான் சொல்கிறேன். நம் பால்மரக் காடுகள் பலவும் செம்பனை ஆகிவிட்டன. லயங்களை இடித்துவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் நிரை நிரையாகச் சிவந்து நின்ற மரங்களை இனி எங்கே போய்க் காட்டுவோம்? ஒரு பிள்ளை வரைந்து வைத்திருந்தால் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாமே!

படம் மட்டும் சோறு போடும் என்று பொய் சொல்லமாட்டேன். பணிக்கரே தந்தி வேலை பார்த்தவர்தான். பிள்ளை ஒரு தொழிலைக் கற்கட்டும், தூரிகையையும் விடாதிருக்கட்டும். நான் சொன்ன பையன் இப்போது பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வரைகிறான்.

பெற்றோரே, பெரிய செலவு ஒன்றுமில்லை. ஒரு சிறு வண்ணப்பெட்டி, இரண்டு தூரிகை, கொஞ்சம் கெட்டித் தாள். அவ்வளவுதான். வாங்கிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.