புரட்டாசிச் சோளம்

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'தாம்' என்ற ஒரே சொல் அந்த மொழியில் நேரத்தையும் குறிக்கும், வானிலையையும் குறிக்கும். பணி ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான உசிலம்பட்டிப் பக்கம் குடிவந்த பிறகுதான், மானாவாரிச் சோளத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்று விளங்கியது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கி டிசம்பரோடு முடிகிறது. சோளம் விளையச் சுமார் 100 நாள் வேண்டும். புரட்டாசியில் விதைத்தால் பூக்கும்போது மண்ணில் ஈரம் இருக்கும், பொங்கலை ஒட்டி அறுக்கலாம். கார்த்திகைக்குத் தள்ளினால் கதிர் பால் பிடிக்கும்போது மழை போயிருக்கும்.

ஒரு வருடம் என் மைத்துனர் வீட்டில் இதிலேயே வழக்கு. மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கணும் என்றார் அவர். விதை கடனுக்கு வாங்கியது, மழை ஏமாற்றினால் எல்லாம் போச்சு என்றான் மகன். "மச்சான், நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்கள். குமாஸ்தா புத்தி, ஆளுக்குப் பாதி நிலம் என்றேன்.

மைத்துனர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டார். அந்த ஆழம் ஒரு காவல். சிறு தூறல் அங்கே எட்டாது, நல்ல மழைக்குத்தான் விதை முளைக்கும்.

மகன் மழை நின்று பெய்த பிறகு, ஐப்பசிக் கடைசியில் விதைத்தான். அதற்குள் முன்பயிரில் பெருகியிருந்த குருத்து ஈ அவன் இளம்பயிருக்கு வந்துவிட்டது. அதன் புழு நடுக்குருத்தை அறுத்துவிடும். இழுத்தால் கையோடு வரும். தப்பியதும் வளரவில்லை. நாட்டுச் சோளம் பகல் குறுகினால் பூக்கிற பயிர். பிந்தி விதைத்தால் தட்டை உயருமுன்பே கதிர் தள்ளிவிடும்.

அப்பா பாதியில் வீட்டுக்கும் கடனுக்கும் போதுமான தானியம். மகன் பாதியில் முழங்கால் உயரத் தட்டை. அதையும் உடனே மாட்டுக்குப் போட மைத்துனர் விடவில்லை. வாடிய இளஞ்சோளத்தில் நஞ்சு ஏறும், மாடு செத்துவிடும். நன்றாகக் காயவைத்துப் பிறகுதான் போட்டார்கள். இருந்த இரண்டு மாடும் பிழைத்தன.

மகனை யாரும் குறை சொல்லவில்லை. கடனுக்குப் பயந்தவன் மழையைப் பார்த்துத்தான் விதைப்பான். மறு வருடம் புரட்டாசி பிறந்ததும் முதலில் கலப்பையைத் தூக்கியது அவன்தான்.