ஆண்டிபட்டி யாருடைய கோட்டை?

ஆண்டிபட்டியை அதிமுகவின் ‘இரட்டை இலைக் கோட்டை’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1984இல் மருத்துவமனையில் இருந்தபடியே எம்ஜிஆர் வென்ற தொகுதிதான். 2002, 2006 இரண்டிலும் ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்ததும் அதுவே. ஆனால் 1989இல் எம்ஜிஆரின் மனைவி ஜானகியையே தோற்கடித்தது. கட்சி உடைந்திருந்ததே காரணம் என்பார்கள், ஓரளவு சரி.

2019க்கு அந்த விளக்கம் போதாது. ஒரே நாளில் ஆளுக்கு இரண்டு வாக்கு, ஒன்று சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு, மற்றொன்று மக்களவைக்கு. இடைத்தேர்தலில் ஆண்டிபட்டியும் பெரியகுளமும் திமுகவுக்குப் போயின. அவற்றை உள்ளடக்கிய தேனி மக்களவைத் தொகுதி அதிமுகவுக்கு. அதிமுகவிலிருந்து பிரிந்த அமமுக இரண்டு தேர்தலிலும் வாக்கைப் பிரித்தது, முடிவு மட்டும் வேறு. தேனியில் வேறு நான்கு சட்டமன்றத் தொகுதிகளும் உண்டே என்றால், ஆமாம், இது முழு நிரூபணம் ஆகாது. ஆனாலும் சின்னத்தை மட்டும் பார்த்துக் குத்துகிற ஊர் என்ற பேச்சு இதற்குப் பிறகும் எடுபடுமா?